நான்கு மாத மருதோண்டி

என் மனைவியின் நகங்கள் மஞ்சளாகியிருந்ததை டொக்டரிடமிருந்து மறைத்தவன் நான். மாத்தளையில் இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன்.

மகளின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கால்கள் வீங்கியிருந்தன, இருமலும் விடவில்லை. நகங்கள் தடித்து மஞ்சளாகியிருந்தன. ஒரு வருடத்துக்கு மேலாக அவளுக்கு நகம் வெட்டவேண்டிய தேவையே வரவில்லை. அதையும் நான் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்களே என்பதுதான் என் பயம்.

"மகளோட சேந்து நீயும் மருதோண்டி போடு," என்றேன்.

"இந்த வயசிலயா? எனக்கும் ஒரு மாப்பிள்ள பாத்திட்டீங்களா?" என்று சிரித்தாள். ஆனாலும் போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் கலகலப்பாக நடந்தது. மறுவாரம் டொக்டரிடம் காட்டக் கண்டிக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் எல்லோரும் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தபோது, அவள் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. காலையும் நெஞ்சையும் பார்த்துவிட்டு, "வேற ஏதும் இருக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். மனைவி கையை நீட்டப் போனாள். "வேற ஒண்ணுமில்ல," என்று நான் முந்திக்கொண்டேன். கல்யாணம் முடிந்தும், சம்பந்தி வீட்டுக்குக் கதை போய்விடும் என்ற பயம் எனக்குப் போகவில்லை.

சிவந்த நகங்களில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காலுக்கு ஒரு மருந்து, இருமலுக்கு ஒரு மருந்து கொடுத்தார். இரண்டும் மருந்துக்குக் கேட்கவில்லை.

நாலாவது மாதம், நாடி பார்க்கப் பிடித்த கையை அவர் விடவில்லை.

"அம்மா, இது எப்ப போட்டது?"

"மகள்ட கல்யாணத்துக்கு. பிறகு போடயில்ல."

"நாலு மாசத்தில நகம் வளந்து, அடியில நிறமில்லாத இடம் தெரியணுமே! இது அசையவே இல்லையே."

"மஞ்சள மறைக்க நான்தான் போடச் சொன்னேன், டொக்டர்," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, நகமும் வீக்கமும் நெஞ்சில் தேங்கிய நீரும் ஒரே வியாதி, மிக அபூர்வமானது என்றார். உடம்பின் நிணநீர் சரியாக ஓடாததால் வருவதாக நினைக்கிறார்களாம். பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லையாம். எதற்குப் பயந்தேனோ, அது அங்கே இல்லவே இல்லை.

நெஞ்சிலிருந்த நீரை எடுத்தார்கள். விற்றமின் குளிசை தந்தார்கள். தினமும் காலையில் கட்டிலை விட்டிறங்கு முன் விரலிலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டி சுற்ற வேண்டும். அது என் வேலையாயிற்று.

"ஊருக்கெல்லாம் படிப்பிச்ச மாஸ்டர், ஒரு காலச் சுத்தத் தெரியல்ல," என்பாள். நான் அவிழ்த்து மறுபடி சுற்றுவேன். இருவரும் சிரிப்போம். இருமலும் குறைந்துகொண்டே வந்தது.

எல்லா நகங்களும் குணமாகும் என்று டொக்டர் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் காலை, "இங்க வாங்க! நகம் வெட்டி எங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டாரும் எட்டிப் பார்த்தார்கள். வீடெல்லாம் தேடினோம். தையல் பெட்டியில் துருப்பிடித்துக் கிடந்தது. இடது சுண்டுவிரலில், அடியில் வெளிறிய புது நகம். நுனியில் மட்டும் பழைய சிவப்பு.

"தா, நான் வெட்டி விடுறேன்," என்றேன்.

"வேணாம். நீங்க ஒளிச்சுப் போடுவீங்க."

அவளே வெட்டி, அந்தச் சிவப்புத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.