தலை மழுங்கிய போல்ட்டும் இரண்டு மணி கெடுவும்

லாரி ஸ்ப்ரிங் வேலையில் பாரப் பட்டையைத் தூக்குவதெல்லாம் கஷ்டமே இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு போல்ட் தலை மழுங்கிப்போய் ஸ்பானாவைப் பார்த்துச் சிரிக்கும் பாருங்கள், அதுதான் கஷ்டம். ஆறு முனையும் தேய்ந்து உருண்டையாகிப்போன போல்ட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, முகத்தில் துரு கொட்ட, வாயில் வந்ததைச் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். லாரி இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள், அதுவும் இல்லாவிட்டால் வீட்டுத் தண்ணீர்க் குழாய். நாமெல்லாம் ஒரே கட்சி.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மிச்சத்தைப் பட்டறையில் அடி வாங்கிக் கற்றுக்கொண்டேன். கோபமும் அங்கே கிடைத்ததுதான். ஈப்போவில் சொந்தப் பட்டறை போட்ட பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

ஐந்தில் தொடங்கிய பேரம்

சரோஜா அக்கா காலை எட்டரைக்கு வந்தார். வீடு பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். சொந்த லாரி, ஓட்டுவதும் அவரேதான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுவது தொழில். வலது பின்பக்க ஸ்ப்ரிங்கில் மேல்பட்டை உடைந்து, லாரி நொண்டிக்கொண்டே வந்து நின்றது.

“அஞ்சு மணிக்கு எடுத்துக்குங்க,” என்றேன். பேரத்தில் முதல் வார்த்தையைப் பெரிசாகப் போடுவது என் வழக்கம். அக்கா “பன்னெண்டு” என்றார். பாகான் டத்தோவில் ஒரு புதுத் தோட்டக்காரர், அவருக்கு இதுதான் முதல் லோடு. குலையெல்லாம் காலையிலேயே வெட்டிப் போட்டாயிற்று. ஆறு மணிக்கு ஆலை கேட்டைச் சாத்திவிடுவார்கள். நாளைக்குக் கொண்டுபோனால் பழம் கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்புவார்கள், தோட்டக்காரரும் வேறு லாரிக்குச் சொல்லிவிடுவார். நான் நாலுக்கு இறங்கினேன், மூன்றுக்கு இறங்கினேன். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு லாரி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு. அதுக்கு மேல போச்சுன்னா குலைய நீங்களே வாங்கி வீட்டுல ஆட்டி எண்ணெய் எடுங்க அண்ணே.”

எந்த மடையன்?

ஸ்ப்ரிங் நுனியைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய போல்ட் அது. மேலே ஒரு வருஷத்துச் சேறு. சாக்கெட்டை மாட்டி, கைப்பிடியில் நாலடிக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்து ஓர் இழு இழுத்தேன். சாக்கெட் சறுக்கியது. என் முழங்கை இரும்பில் போய் இடித்தது. கூர்ந்து பார்த்தால் தலை ஏற்கெனவே மழுங்கியிருக்கிறது. எவனோ ஒரு போமென், அதான் மெக்கானிக், அளவு தப்பின சாக்கெட்டைப் போட்டு முறுக்கியிருக்கிறான்!

அப்புறம் நான் பேசியதில் எழுதக்கூடியது கொஞ்சம்தான். “இவன் கையில ஸ்பானாவக் குடுத்தது யாரு? ரொட்டி சானாய்க்கு மாவு பிசையப் போயிருக்கலாம்ல!” சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன். ஓர் அடிக்கு ஒரு வசவு. அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. அக்கா தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கேட்டார்:

“அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க அண்ணே?”

புகைக்கூடம்

மணி பதினொன்று. கேஸ் தீயை எடுத்தேன். சூடு ஏறினால் துரு பிடியை விடும். ஆனால் ஸ்ப்ரிங் நுனியில் போல்ட் நுழையும் கண்ணுக்குள் ரப்பர் புஷ் இருக்கிறது. சூடு காட்டும்போது அதை மறக்கக் கூடாது. கோபத்தில் மறந்தேன். குப்பென்று பற்றிக்கொண்டது. கரும்புகை மூன்று கடை தள்ளிப் போனது. வாளித் தண்ணீரோடு ஓடி வந்து அணைத்தேன். எப்படியும் மாற்ற வேண்டிய புஷ்தான், ஆனால் மானம் போனது போனதுதான். போல்ட் ஒரு நூல்கூட அசையவில்லை. அக்கா இருந்த இடத்திலிருந்தே மூக்கை உறிஞ்சினார்.

“எங்க தோட்டத்துல ரப்பர் ஷீட்டு காயப்போடுற புகைக்கூடத்த இடிச்சு வீடு கட்டிட்டாங்க. நீங்க இங்க தொறந்துட்டீங்களா, நல்லதுலா.”

ஆ ஹொங்கின் கதவு

இனி ஒரே வழிதான். மழுங்கிய தலையின் மேல் பெரிய நட் ஒன்றை வெல்டிங் பண்ணி, அந்த நட்டைப் பிடித்துத் திருப்ப வேண்டும். என் வெல்டிங் மெஷின் செத்து ஒரு வாரம். பக்கத்துக் கடை ஆ ஹொங் வெல்டிங்கில் கெட்டிக்காரர். ஆனால் எங்களுக்குள் பேச்சில்லை. தன் கதவை மறித்து நான் லாரி நிறுத்துவதாக ஒரு நாள் சொன்னார். நான் அதற்குப் பத்து மடங்கு திருப்பிச் சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். மலாயில் பேசினோம். காசு வேண்டாம் என்றார். நான் மறுபேச்சில்லாமல் தலையாட்டிய ஒரே பேரம் இதுதான்:

“நட்ட ஒட்டித் தரேன் மச்சா. இனிமே என் கதவு முன்னால ஒரு டயர்கூட நிக்கக் கூடாது.”

மயில்நீலம்

ஒட்டுவதற்கு முன் ஆ ஹொங் கம்பி பிரஷால் சேற்றைத் தேய்த்தார். சட்டென்று கையை நிறுத்தினார். போல்ட் ஓரத்தில் ஒரு பெயிண்ட் கோடு. முறுக்கின போல்ட் பிறகு அசைந்தால் தெரிய வேண்டும் என்று இப்படிக் கோடு இழுத்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். பட்டறைக்கு ஒரு நிறம். எங்கள் வரிசையில் மயில்நீலம் போடுகிறவன் ஒருத்தன்தான். நான் அவசரமாகக் கிரீஸ் துணியை எடுப்பதற்குள், “இது உன் நிறமாச்சே மச்சா?” என்று மலாயில் கேட்டுவிட்டார். அக்காவுக்கு என்னைவிட நல்ல மலாய் வரும்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம், பாகான் டத்தோ ரோட்டோரம், கொட்டும் மழை. லாரி அப்போது மஞ்சள் நிறம், இப்போது சிவப்பு. இருபத்துநாலு மில்லி போல்ட்டுக்குச் சரியான சாக்கெட்டைக் கொண்டுபோகாமல், ஓர் இஞ்சு சாக்கெட்டைப் போட்டு முறுக்கியது நான்தான். மழைக்கோட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு எனக்குக் குடை பிடித்தவர் யார் என்று அன்றைக்குப் பார்க்கக்கூட இல்லை.

ஆ ஹொங் ஒட்டினார். கொஞ்சம் ஆறவிட்டு, குழாயைச் செருகி இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், போல்ட் சுழன்றது. புதுப் பட்டை, புது புஷ், புது போல்ட் எல்லாம் தயாராக இருந்ததால் மாட்டி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு மணி பத்து நிமிஷம். அக்கா ஏறி உட்கார்ந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, “அந்த மடையன் நான்தான்,” என்றேன். “தெரியும். குடை பிடிச்சது நான்தானே,” என்றார். “அப்போ காலையிலயே சொல்றதுக்கென்ன!” என்று கத்தினேன்.

“சொன்னா வெக்கப்பட்டு நின்னுருவீங்க. திட்டும்போதுதான் உங்க கை வேகமா ஓடுது. எனக்கு ரெண்டு மணிக்கு லாரி வேணும்ல.”

ஐந்து ஐம்பது

வேறு வேலையே ஓடவில்லை. கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐம்பதுக்குப் போன் அடித்தது, அக்காதான். பின்னால் ஒரே லாரி ஹாரன் சத்தம்.

“உள்ள வந்துட்டேன் அண்ணே, லாரி தராசு மேல நிக்குது. அடுத்த லோடும் எனக்குத்தான்னு தோட்டக்காரர் சொல்லிட்டாரு. இந்தத் தடவ எந்த சாக்கெட்ல முறுக்கினீங்கன்னு மறக்காம எழுதி வைங்க.”

அன்றிலிருந்து எனக்கு முன்னால் கை வைத்த போமெனைத் திட்டுவதற்கு முன் சேற்றைத் துடைத்துப் பார்த்துவிடுகிறேன். பட்டறை இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது.