ரெட்டைக் கயிற்றுக்காரர்

கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைத் தடவுகிறார். நாற்பது மீட்டர் கயிறு. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை விரலால் நகர்த்திக்கொண்டே போய், எங்காவது இழை பிரிந்திருக்கிறதா, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். முடிந்ததும் அடுத்த கயிறு. எங்கள் குடியிருப்பில் மரம் வெட்ட வந்தவர் இவர்; காவலாளி ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். கண்ணை ஏன் மூடிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தொறந்து வச்சா வேடிக்கை பாக்கத் தோணுதுங்க."

மரம் வெட்டுகிறவர்கள் மத்தியில் இவருக்கு 'ரெட்டைக் கயிறு' என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். இவர் அதையே போனிலும் சொல்லிக்கொள்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது, குட்டையான உருவம், பூட்டைப் போட்டு இறுக்கியது போல் ஒரு பிடி. மரத்தின் மேல் மெஷின் ரம்பத்தை ஓட்டும் முன், தொங்குகிற கயிறு போக இன்னொரு கயிற்றையும் மரத்தைச் சுற்றி இடுப்பு பெல்ட்டில் மாட்டியே தீரவேண்டும் என்பது இவர் கட்சி. சாதாரணப் பிடிவாதம் இல்லை. தண்ணீர் கேட்டு என் வீட்டுக்கு, இரண்டாவது மாடிக்கு, படியேறி மூச்சிரைக்க வந்தார். லிஃப்ட் இருக்கிறதே என்றேன்.

"அதுல எத்தன கயிறுனு தெரியலைங்களே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

எதிர்க்கட்சி குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. மனைவியின் தம்பி. ஒரு நாள் இவர் ஏறினால் மறுநாள் அவன். மேலே இருப்பவர், உயரத்தில் ஒரு கவட்டை வழியாகப் போட்ட கயிற்றில் கிளையைக் கட்டி அறுப்பார். கீழே இருப்பவர் அந்தக் கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கிளையை மெல்ல மெல்ல இறக்குவார். மைத்துனன் ஒற்றைக் கயிற்றுக் கட்சி. ஆபத்து என்றால் சட்டென்று நகர வேண்டும், இரண்டு கயிறு மாட்டியவன் எப்படி நகர்வான் என்பது அவன் வாதம். அன்று தேநீர் குடிக்கும்போதும் அதே பேச்சுதான்.

"மரம் நடுவுல பொளந்தா என்ன மாமா பண்ணுவீங்க? அந்த ரெண்டாவது கயிறு ஆள மரத்தோட வச்சு நெரிச்சிரும். என் கூட்டாளி அப்படித்தான் போனான்."

"என் கூட்டாளி தன் கயிற தானே மெஷின்ல அறுத்துக்கிட்டுப் போனான் மாப்ள. இன்னொரு கயிறு இருந்திருந்தா இன்னிக்கு இங்க உக்காந்து டீ குடிச்சிருப்பான்."

சொல்லிக்கொண்டே இருவரும் பிஸ்கட்டை நனைத்துத் தின்றார்கள். ஆளுக்கொரு சாவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நிதானமாக வாதாடுகிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மைத்துனன் மரத்தில் இருக்கும் நாளில் இவர் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அவன் தரையில் கால் வைத்த பிறகுதான் டப்பாவைத் திறப்பார். "எங்க வீட்டுல சொன்னது ஒண்ணே ஒண்ணுதாங்க. 'அவன உங்கள நம்பி அனுப்புறேன்'னுச்சு. அப்புறம் சோறு எப்படிங்க எறங்கும்?"

இரண்டாம் நாள் மைத்துனனின் முறை. நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைவிட நீளமான ஒரு கட்டை அறுபட்டு, கயிற்றில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழிருந்து இவர் கேட்டார்: "ரெண்டாவது கயிற மாட்டுனியா?" மறுபடியும் கேட்டார்: "உன்னத்தான் கேக்குறேன் மாப்ள, மாட்டுனியா இல்லையா?"

அலுத்துப்போய் மேலிருந்து அவன் கத்தினான்: "விடுங்க மாமா, விடுங்க!"

பேச்சை விடுங்கள் என்று அவன் சொன்னான். ஆனால் கயிற்றைப் பிடித்து நிற்கிறவர்களுக்கு 'விடு' என்றால் ஒரே பொருள்தான்: கையை எடு, கயிறு தானாக ஓடட்டும். இருபத்தைந்து வருடப் பழக்கம். இவர் கையை எடுத்துவிட்டார்.

கயிறு சீறிக்கொண்டு மேலே ஓடியது. ஓடிய வேகத்தில் அவன் காலில் சுருண்டு இழுக்க, அவன் மரத்தை விட்டு விலகித் தலைகீழாகச் சுழன்றான். கட்டை காவலாளியின் சிமெண்ட் பெஞ்சில் விழுந்து அதை இரண்டாக உடைத்தது. காவலாளி அப்போதுதான் எழுந்து கேட்டைத் திறக்கப் போயிருந்தார்.

கட்டை விழுந்ததும் சுருள் தளர்ந்து அவன் கால் விடுபட்டது. தன் ஒற்றைக் கயிற்றைப் பிடித்து நிமிர்ந்து, மரத்தைக் கட்டிக்கொண்டான். கோபமே இல்லாமல் சொன்னான்:

"மரத்தோட சேத்துக் கட்டியிருந்தா கால் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும் மாமா."

கட்சியில் அவன் ஜெயித்துவிட்டானா, எனக்குத் தெரியவில்லை. இவர் அதைக் காதில் வாங்கியதாகவே தோன்றவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற கயிற்றைப் பிடிக்க முயன்றிருந்தால் தோல் உரிந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை.

"எறங்கிடு மாப்ள. நாளைக்கு வேற ஆளு வந்து புடிக்கட்டும்."

"எப்படி மாமா? இங்க பாருங்க." விழுந்த கட்டை உரசியதில் இன்னொரு கிளை விரிசல் விட்டு, எங்கள் மொட்டை மாடிக்கு நேர் மேலே சாய்ந்து நின்றது. "இத இப்படியே வுட்டுட்டுப் போனா வீட்டு மேல வுழும். கயிற எடுங்க."

"என் கை சரியில்ல."

"வேற யாரு கை இருக்கு இங்க? எடுங்க."

சாய்ந்த கிளையை அவன் கயிற்றில் கட்டிவிட்டுக் காத்திருந்தான். இவர் கயிற்றை எடுத்தார். அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். மிச்சமிருந்த முனையைக் கையில் பிடிக்காமல், தன் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

மேலே அவன் அலறியே விட்டான். "மாமா! இடுப்புல கட்டாதீங்க! கெளை போச்சுன்னா உங்களையும் சேத்து இழுத்து மரத்துல அடிச்சிரும்! எறக்குற கயிற இடுப்புல கட்டக் கூடாதுன்னு ஊரெல்லாம் சண்ட போடுற ஆளு நீங்க, அவுருங்க மாமா!"

இவர் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார். பிறகு ஒரு காலை அடிமரத்தில் ஊன்றி, அண்ணாந்து பார்த்து, அறுக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார்.