ஈரச் சுவருக்குத் தீபாவளிச் சாயம்

சுவருக்குச் சாயம் அடிப்பவனுக்கு வெள்ளம் வடிந்த மறுநாளிலிருந்து போன் ஓயாது, அதில் ஒருவரும் காத்திருக்கத் தயாராக இருக்க மாட்டார்கள். இதே தொழிலில் இருப்பவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

இடுப்பளவுக் கோடு

ரெம்பாவ் பக்கம், ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வாழும் தாமான் குடியிருப்பு. லெட்சுமி அக்கா வீட்டில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடு. அவர் கணவர் மணியம் அண்ணன் இளைப்புக்காரர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே முழுக்க ஈரம். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டு மாதம் காய விட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அண்ணன் நெஞ்சுக்கு ஆகாது என்றேன். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வர்ற சனங்க எங்க வூட்டுச் செங்கலையா பாத்துட்டுப் போவணும்?"

பக்கத்து வீட்டு மஞ்சள்

அப்படிக் கேட்ட கையோடு அக்கா என்னைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஈரத்தின் மேலேயே மஞ்சள் சாயம் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் கொப்புளம் விடும் அக்கா என்றேன்.

"ஒரு மாசம் கழிச்சுத்தானே தம்பி? அதுக்குள்ள தீபாவளி முடிஞ்சிரும்லா!"

சில்லென்ற சுவர்

நான் மாட்டேன் என்றால் வேறொருவன் வந்து அடிப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கறை தெரியாமலிருக்க எண்ணெய்ச் சாயமாகவே அடித்தேன். ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைத்தவன் நான்தான்.

தீபாவளியன்று முறுக்கு சாப்பிடப் போனேன். வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் புகழ்ந்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. கூடத்தில் இடம் வேண்டுமென்று அண்ணனின் கட்டிலைப் பின்னறைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பட்டாசுப் புகை ஆகாதென்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். அவர் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, ஒன் சுவரு நல்லா சில்லுனு இருக்கு. ஏர்கோன் வேணாம்லா."

கட்டிலுக்குப் பின்னால்

ஒன்றரை மாதத்தில் அண்ணன் போய்விட்டார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் பத்து நாள் மூச்சுக்குத் தவித்தார். நெஞ்சில் கிருமி என்றார்களாம். சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்கா கூப்பிட்டதால் போனேன். கட்டிலை இழுத்தால், மெத்தை உயரத்துக்கு மேலும் கறுப்பாகப் பூஞ்சை. அவர் சாய்ந்திருந்த இடத்தில் சாயம் தோலாக உரிந்து தொங்கியது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கருமாதிக்குச் சனங்க வருவாங்க. அதுக்குள்ள ஒரு கோட்டு சாயம் அடிச்சுக் குடுத்துரு தம்பி."

முடியாது என்று சொல்லிப் பூச்சைக் கொத்தி எடுத்தேன், வந்த சனமும் செங்கலைப் பார்த்துவிட்டுத்தான் போனது. அந்த ஒரு சொல்லை நான் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.