வலிக்காத கண்

உரித்த முட்டை மாதிரி இருந்தது அந்த இடது கண். பெயருக்கு ஒரு சிவப்பு நரம்புகூட இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், தாம்பரத்தில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் நான் புது நர்ஸ். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் திருமுடிவாக்கத்தில் முலாம் பூசும் பட்டறை ஒன்றின் ஃபோர்மேன். காஸ்டிக் சோடா தெறித்து இரண்டு கண்ணிலும் விழுந்திருந்தது. வந்த அன்று பாட்டில் பாட்டிலாக சலைன் விட்டுக் கழுவினோம்.

மறுநாள் காலை மருந்து விடப் போனேன். வலது கண் ரத்தமாகச் சிவந்து, நீர் கொட்டி, திறக்கவே முடியவில்லை. "இடதுல வலியே இல்ல சிஸ்டர், மங்கலாத் தெரியுது" என்றார். வருஷா வருஷம் மெட்ராஸ் ஐ பார்த்து வளர்ந்தவள் நான். சிவந்தால் நோய், வெளுத்தால் குணம், அவ்வளவுதான் என் ஞானம். டாக்டர் வருவதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம், "அக்கா, இடது கண்ணு நல்லாயிடுச்சு, வலதுதான் டைம் எடுக்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்த அக்கா அப்போதே மாடம்பாக்கம் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

டாக்டர் வந்து, பஞ்சைத் திரித்து இடது கண்ணின் கருவிழியைத் தொட்டார். ஃபோர்மேன் இமைக்கவில்லை. பஞ்சு விழிமேல் உரசிக்கொண்டிருக்கிறது, மனுஷர் பாட்டுக்கு "டிஃபன் ஆச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: "செவந்த கண்ணுல ரத்தம் ஓடுதும்மா, அது பொழைச்சுக்கும். வெளுத்ததுல ஓட்டமே நின்னுபோச்சு. உணர்ச்சி செத்ததாலதான் வலிக்கல."

கோயிலிலிருந்து திரும்பிய அக்கா என் கையில் சர்க்கரைப் பொங்கலை வைத்தார். "உன் வாய் முகூர்த்தம்மா, நல்லாயிடுச்சு பாரு." நான் அதைத் தின்றேன். டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

அதன்பிறகு அந்தக் கண் பால் படர்ந்து மூடியது. இமை விழியோடு ஒட்ட ஆரம்பித்தது. தினமும் காலையில் வழவழப்பான கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுப் பிரித்துவிடுவேன். மறுநாள் போனால் திரும்பவும் ஒட்டியிருக்கும். யாரும் பார்க்காதபோது அது தானாகத் தன்னை மூடிக்கொள்வதைப்போல எனக்குப் பட்டது. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

போன வருஷம் பொழிச்சலூரில் ஒரு மருந்துக் கடையில் அவரே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். பிழைத்த வலது கண்ணால்தான். இத்தனை வருஷம் கழித்து எப்படி சார் என்று கேட்டேன்.

"மறக்குமா சிஸ்டர்? இந்த எடது கண்ணு கடைசியா பாத்தது உங்க மூஞ்சிதான். நல்லாயிடுச்சுன்னு சிரிச்சுகினு சொன்னீங்க. இப்பவும் இந்தப் பக்கம் அதான் தெரியுது."