மடியில் இரண்டு ஆல்டர்னேட்டர்

எங்கள் பழைய காரில் ஆல்டர்னேட்டர் செத்துப்போன பிறகு, நான் யார் வீட்டுக்குப் போகலாம் என்பதைச் சரிவுதான் தீர்மானித்தது. வாசலில் இறக்கம் இருந்தால் போவேன், உருட்டிவிட்டுக் கிளப்பிக்கொள்ளலாம். சமதரை என்றால் போனிலேயே நலம் விசாரித்துவிடுவேன். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான்தான் ஆல்டர்னேட்டர். அது இல்லாவிட்டால் கார் பேட்டரியில் இருப்பதைத் தின்றுகொண்டே ஓடும், தீர்ந்ததும் நின்றுவிடும். தினமும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் தூக்கிவந்து சார்ஜரில் போடுவேன். கரண்ட் போனால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து முறைப்பேன். விடிவதற்குள் மறுபடி மாட்டுவேன். காரைவிட என் இடுப்பு பழசாகிவிட்டது.

எங்கள் வீடு மலைமேல். மனைவி அடிவாரத்தில், செங்கம் போகிற பாதையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் மலையிலிருந்து அவள் நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஷேர் ஜீப் ஆள் நிரம்பினால்தான் நகரும். ஆகவே நான்தான் டிரைவர். மழைக்காலத்தில் மூட்டம் கலைய நேரமாகும், லைட் போட்டுத்தான் இறங்க வேண்டும். லைட் பேட்டரியை உறிஞ்சிவிடும். வளைவெல்லாம் தாண்டிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் எஞ்சின் அணைந்துபோகும். அந்த வாசலோ பலகை மாதிரி தட்டை. லைட்டை அணைத்துப் பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கியதும் எட்டாம் வகுப்பு மொத்தமும் வந்து தள்ளும்.

ஒருநாள் ஒருத்தன் கூவினான்: "டேய், டீச்சர் வூட்டுக்காரர் வந்துட்டாருடா, தள்ளலாம் வாங்கடா."

அன்று சாயங்காலம் மனைவி சொன்னாள்: "இன்னொரு தபா என் பசங்க உங்க காரத் தள்னாங்கன்னா, நான் கீழயே ரூம் எடுத்துக்கறேன். கணக்கு டீச்சர் கூப்ட்டுனே இருக்காங்க. சனி ஞாயிறு வர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது கோமாளித்தனம் செய்து சமாளித்திருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னாள். அலுப்பை என்ன சொல்லி மாற்றுவது? வாரம் முழுக்க நான் வைக்கிற ரசத்தை நானே குடிக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஜீப் ஓட்டுகிற நண்பனிடம் யோசனை கேட்டேன். "காயலான் கடைல வேன்து ஒண்ணு புடிச்சிடு. பெருசு. சும்மா பிச்சிக்கும்" என்றான். பஸ்ஸில் செங்கம் போய்ப் பிடித்தேன். மலைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், போல்ட் ஓட்டை எதுவுமே நேராக வரவில்லை. பெல்ட் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். "வண்டி சின்னதாப் பூட்ச்சிபா" என்றான் நண்பன், காரை நான்தான் சலவையில் சுருக்கிவிட்ட மாதிரி.

மறுபடி செங்கத்துக்குப் பஸ். இந்த முறை அளவு காட்டப் பழையதையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். மடியில் இரண்டு ஆல்டர்னேட்டர், வேட்டியெல்லாம் கிரீஸ். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டும் உங்களுதா?"

"ஒண்ணு செத்தது. ஒண்ணு சேராதது."

"நல்ல குடும்பம்" என்று டிக்கெட் கிழித்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதியது இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, "கூட ஒரு காரும் தருவீங்களா?" என்றேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. தினமும் இதையே கேட்கிறார்கள் போல.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழையதற்குக் காயில் சுற்றி பேரிங் மாற்றி விற்கிற எலெக்ட்ரீஷியனிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் காருக்குப் பொருந்துவதாக இரண்டு வைத்திருந்தார். "இத எட்த்துக்குங்க சார், வெல கம்மி. பகல்ல ஓட்றவங்களுக்கு இது போதும்" என்று சின்னதை நீட்டினார். இருந்த களைப்பில் தலையாட்ட இருந்தேன். இன்னொரு தப்பையும் தனியாகச் செய்ய வேண்டாமென்று மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மத்தியான இடைவேளை, பின்னால் ஒரே இரைச்சல்.

"லைட்டும் வைப்பரும் ஒண்ணா ஓடுமான்னு கேளுங்க."

எலெக்ட்ரீஷியன் காதைச் சொறிந்தார். "ஓடும். வைப்பர் போட்டா லைட்டு கொஞ்சம் மங்கும்."

"மூட்டத்துல மழ பேஞ்சா லைட்டு வேணாமா, வைப்பர் வேணாமா? அத அவரையே சொல்லச் சொல்லுங்க."

அவர் சின்னதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மற்றதைத் துடைத்தார். "மேடத்துக்கு இதான் சரி."

என் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏதோ கொஞ்சம் குறைத்தார். வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்க வைத்திருந்த பணம் மீதி விலைக்குப் போயிற்று. வாரண்டி கேட்டேன். "நான் இங்கதான சார் கீறேன்" என்றார்.

நண்பன்தான் மாட்டிக் கொடுத்தான், முதலிலேயே இதைத்தான் சொன்னேன் என்றபடி.

மறுநாள் மூட்டமும் தூறலும் சேர்ந்தே வந்தன. லைட் மங்கவில்லை. வைப்பர் முனகியது, ஆனால் ஓடியது. பள்ளிக்கூட வாசலில் பையன்கள் புத்தகப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தயாராக நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பிவிடலாம் என்றிருந்தேன்.

"அணைங்க" என்றாள் மனைவி. "அணைச்சிட்டு எடுங்க."

அணைத்தேன். சாவியைத் திருப்ப மனம் வரவில்லை. திருப்பினேன். ஒரு இருமல், உடனே பிடித்துக்கொண்டது. பையன்கள் முகம் தொங்கிப்போய்ப் பைகளை எடுத்தார்கள்.

மனைவி இறங்கிக் குடையை விரித்தாள். கணக்கு டீச்சர் எதிரே வந்து என்னமோ கேட்க, "இல்லீங்க டீச்சர், வூட்லேர்ந்தே வந்துடறேன்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "சாயந்தரம் பெல் அடிக்கறதுக்குள்ள வந்துடுங்க" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். பரிசு: தினமும் இருட்டோடு எழுந்திருக்க வேண்டும், எல்லா வளைவுகளையும் இறங்கி ஏறி, மறுபடி இறங்கி ஏற வேண்டும், அவளுக்கு ஓய்வு வயது வரும்வரை. ஒரு நீண்ட கொட்டாவி விட்டுவிட்டு, காரை மலைப்பக்கம் திருப்பினேன்.