எட்டுப் பேரை ஒன்றாக எழுப்பியவர்

வீடியோக்காரருக்கு எதையும் அழிக்க மனம் வராது. கேமரா மூடியைக் கழற்ற மறந்து எடுத்த முக்கால் மணி நேர இருட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது வருஷத்துப் பள்ளி ஆண்டு விழாக்கள் இப்படித்தான் எட்டு ஹார்ட் டிஸ்க்குகளில் போய் உட்கார்ந்தன. எட்டையும் ஒரே கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கோத்திருந்தார். அந்த எட்டில் பாதி பேர் விழித்துப் பாதி பேர் தூங்கினால் ஒரு படமும் வெளியே வராது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி, அதாவது பவர் சப்ளைதான், ஒரு நாள் லேசாகப் புகைந்து கண்ணை மூடியது. அதே நேரம் பார்த்துப் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை போன் செய்தார். "பழைய விழாவெல்லாம் பார்க்கணும். வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். இல்லைன்னா சொல்லிடுங்க, இந்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"இல்லையா? எங்கிட்டயா?" என்று சிரித்துவிட்டு, போனை வைத்ததும் வியர்த்துப்போனார். அவர் கைவசம் நிரந்தரமாக இருந்த வேலை அது ஒன்றுதான்.

அலமாரியில் பழைய இருநூற்றைம்பது வாட் பவர் சப்ளை ஒன்று கிடந்தது. காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டார். டிஸ்க் ஒன்றுக்கு எட்டு வாட், எட்டுக்கு அறுபத்து நாலு. மற்றதெல்லாம் சேர்த்துத் தொண்ணூறு. ஆக நூற்றைம்பத்து நாலு.

"தாராளம்!" என்றார், ஏதோ கல்யாண மண்டபத்தை அளந்தவர் போல.

"புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றார் மனைவி.

"கணக்கு தெரியாம பேசாதே."

வியாழன் மதியம் இரண்டு மணிக்குச் சுவிட்சைத் தட்டினார். எட்டு டிஸ்க்கும் உய்யென்று ஒரு மூச்சு இழுத்தன. பிறகு டக். கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி தட்டினார், மறுபடி டக். ஏழாவது டக்குக்குப் பிறகு மின்சாரத்தையே திட்டினார். கணக்கை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவள் சிரிப்பு கூடம் வரை கேட்டது.

"அண்ணே, நீங்க ஓடுறப்போ ஆகுற கணக்கைப் போட்டிருக்கீங்க. டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற அந்த அஞ்சாறு செகண்ட் ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு வாட் இழுக்கும். எட்டும் ஒண்ணா எழுந்தா அதுக்கே இருநூறு, மத்த தொண்ணூறையும் சேர்த்தா இருநூத்தித் தொண்ணூறு!"

வாசற்படியில் நின்ற மனைவி தலையை ஆட்டினார். "அதானே. உங்களைக் காலையில எழுப்ப எனக்கு எவ்வளவு தெம்பு வேணும்! எழுந்த பிறகு என்ன செலவு? சும்மாதான் உக்காந்திருக்கீங்க."

"நீ வேற நேரம் பார்த்து வர்றியே."

"அண்ணி சொல்றது சரிதான்" என்றது போன். "மேல பெரிசா போட்டிருக்கிற வாட்டை நம்பாதீங்கண்ணே. லேபிள்ல பன்னிரண்டு வோல்ட்டுன்னு ஒரு வரி இருக்கும். டிஸ்க்கைச் சுத்துறது அதுதான். உங்களுதுல எத்தனை ஆம்பியர்?"

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "பதினாலு."

"டிஸ்க்குக்கு மட்டுமே பதினாறு வேணும். நானூற்றைம்பது வாட்ல ஒண்ணு எடுத்து வைக்கிறேன். முப்பத்தாறு ஆம்பியர். ஓடி வாங்க."

வீடியோக்காரர் ஸ்கூட்டரில் போன வேகத்தில் தெருமுனை வேகத்தடை தானாகக் குனிந்துகொண்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் சத்தியம் செய்கிறார். மூன்றே முக்காலுக்குப் புதுப் பெட்டி உள்ளே போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். உய்யென்றது. டக் வரவில்லை. அந்த உய் மெல்ல அடங்கிச் சீரான முனகலாயிற்று.

சொன்னபடி நாலு மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய நாடகம் கேட்டார், வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய பரிசளிப்பு, அதுவும் வந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி விழா. நீங்களே எடுத்துடுங்க. ரெண்டு கேமரா வேணும், முடியுமா?"

"மூணே கொண்டு வர்றேன் மேடம்" என்றார் வீடியோக்காரர்.

அவரிடம் இருந்தது ஒன்றுதான்.