கடல் கொண்டுபோன தண்டவாளம்

கொழும்புக்கு ரயிலிலேயே போகலாம் என்று அத்தை சொன்னபோது நான் நம்பவில்லை. நடுவில் கடல் இருக்கிறதே!

"தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு. எறங்கி கப்பல்ல ஏறுனா அந்தக் கரையில இன்னொரு ரயிலு நிக்கும். எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டுதான்" என்பாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கொழும்பில் மாமா கடை வைத்திருந்தார். தலைப்பிரசவத்துக்காக அந்த வழியில்தான் அவள் திருவண்ணாமலைக்கு வந்தாள். குழந்தை தங்கவில்லை. அப்புறம் நான் பிறந்து நாலாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவள் எங்களோடுதான் இருந்தாள். ஏன் திரும்பிப் போகவில்லை என்று யார் கேட்டாலும், புயலில் தனுஷ்கோடித் தண்டவாளத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்பாள். பாதையே இல்லாமல் எப்படிப் போவாள், பாவம்! அந்தக் கடல்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

ஒருநாள் சித்தப்பாவை விழுப்புரம் வண்டியில் ஏற்றிவிட அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவர்கள் பிளாட்பாரத்தில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தண்டவாளத்தை எப்போது திரும்பப் போடுவீர்கள் என்று டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது போனது போனதுதாம்மா. இப்ப ராமேஸ்வரத்துல இருந்தே கப்பல் போவுதே! அந்தக் கரையில ரயிலும் ஓடுது. ரொம்ப வருஷமாச்சே, தெரியாதா?"

வீட்டுக்குத் திரும்பியதும், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தையிடம் ஒரே ஓட்டமாக ஓடினேன். "அத்தே, ராமேஸ்வரத்துல கப்பல் இருக்குதாம்! நீ நாளைக்கே போவலாம்!"

வரிசையில் நின்ற பெண்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "எவன்டி சொன்னான் உனக்கு? அது சரக்குக் கப்பலு. ஆளுங்கள ஏத்த மாட்டாங்க."

"ஆமாங்க, எங்க வூட்டுக்காரரும் விசாரிச்சிட்டு வந்தாரே. வழியே இல்லன்னுட்டாங்க" என்றாள் இன்னொருத்தி.

"பொய்! டிக்கெட்காரரே சொன்னாரு!" என்று நான் காலை உதைத்துக் கத்தினேன். அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "போதும், வாடி" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

பிள்ளை பெற வந்தவளைப் புருஷன் வந்துதான் அழைத்துப்போக வேண்டும். மாமா வரவில்லை, ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. கப்பல் ஓடுவது அந்தத் தெருவில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதெல்லாம் விளங்காமல், வாய் கூசாமல் பொய் சொன்ன எதிர்வீட்டு அக்காவோடு நான் ஒரு மாதம் பேசவேயில்லை.